கோடைச் சுற்றுலா இணைப்பை ஐப்பசியில் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழுடன் வந்த கோடைச் சுற்றுலா இணைப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வீட்டுத் திண்ணையில் விழும் இதழ் என்பதால், குறை சொல்லும் உரிமையோடும் நன்மை விரும்பும் எண்ணத்தோடும் இதை எழுதுகிறேன். ஐரோப்பாவைப் பற்றிய பக்கங்களில் பத்து நாளில் ஏழு நாடுகள், பன்னிரண்டு நாளில் ஒன்பது நாடுகள் என்ற கணக்கே திரும்பத் திரும்ப வருகிறது. மத்தியதரைக் கடலில் உள்ள தீவுகளைப் பற்றி ஒரு பத்தி கூட இல்லை. ஆனால் என் மனக்குறை அதுவன்று. இணைப்பு வெளிவரும் மாதமே தவறு என்பதுதான் நான் சொல்ல வந்தது. சித்திரை பிறந்த பிறகு ஒரு குடும்பம் ஐரோப்பியப் பயணத்தைப் பற்றி நினைக்கத் தொடங்கினால், அதன் கையில் மிஞ்சுவது பிறர் முன்பே வாங்கி வைத்திருக்கும் இருக்கைகளும் அறைகளும் மட்டுமே. அதனால்தான் ஏழு நாட்டுப் பயணம் நம் ஊர்களில் அவ்வளவு விற்கிறது. மக்கள் அதை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். காங்கயம் வட்டாரத்தில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஓய்வுக்குப் பின் வந்த முதல் கோடையில், அதாவது 2024 ஏப்ரலில், மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவுக்குப் போக வேண்டும் என்ற நெடுநாள் ஆசையோடு நானும் என் கணவரும் ஒரு பயண முகவரிடம் சென்றோம். எகிப்தின் கிஸா பிரமிடுகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்த கற்கோயில்கள் அங்கே இருக்கின்றன என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முகவர் மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை. "ஏனுங்கம்மா, ஒரே தீவுல எட்டு நாள் இருந்து என்னங்க பண்ணுவீங்க?" என்று உண்மையாகவே வியந்து கேட்டார். பிறகு ஒரு வண்ணத்தாளை நீட்டினார். அதில் மால்டாவின் அடையாளமாக அச்சிட்டிருந்த படம், கடலுக்குள் வாசல்போல் நின்ற ஒரு பாறை வளைவு. அந்த வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. ஏழு ஆண்டுகளுக்கு முன் இல்லாமல் போன ஒன்றைக் காட்டி எங்களை அழைத்துப் போக அவர் அணியமாக இருந்தார். அத்தாளைச் சரிபார்க்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து நாங்களே முயன்றபோது, விசா விண்ணப்ப மையத்தில் மே மாதம் முழுவதும் நேரம் கிடைக்கவில்லை. நான் பார்த்தே தீர வேண்டும் என்று எண்ணியிருந்த நிலவறைக் கோயிலுக்கான நுழைவுச்சீட்டுகளும் நாங்கள் எண்ணிய நாட்களுக்கு முழுமையாக விற்றுப்போயிருந்தன. அந்த ஆண்டு நாங்கள் எங்கும் போகவில்லை.

அதே ஆண்டு ஐப்பசியில், தீபாவளிக்கு முன்பாகவே, மறுபடியும் உட்கார்ந்தோம். இந்த முறை திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகளும், பொள்ளாச்சியிலிருந்து என் அக்காவும் சேர்ந்துகொண்டார்கள். மார்ச்சில் போய்வந்தோம். அந்த ஐந்து மாதத் திட்டமிடலில் நாங்கள் கற்றவற்றை மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் அளவு. மால்டா தீவின் நீளம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர்; காங்கயத்திலிருந்து திருப்பூர் போகும் தூரம். அகலம் 14 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அருகிலுள்ள கோசோ, அதனினும் சிறிய கொமினோ ஆகிய தீவுகளையும் சேர்த்தால் நாட்டின் முழுப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். இவ்வளவு சிறிய நிலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். மால்டிய மொழியோடு ஆங்கிலமும் ஆட்சிமொழி. வண்டிகள் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. முதன்முறையாக ஐரோப்பாவுக்குச் செல்லும், அறுபதைக் கடந்த ஒரு கணவன் மனைவிக்கு இதைவிட எளிய தொடக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெட்டிகளை ஒவ்வொரு காலையும் கட்ட வேண்டியதில்லை; விடியற்காலை ஐந்து மணிக்குப் பேருந்துக்கு ஓட வேண்டியதில்லை. ஏழு நாடு சுற்றி வந்த என் உறவினர் ஒருவர் பயணத்தின் பெரும்பகுதியை நெடுஞ்சாலையில் கழித்ததாகச் சொன்னபோது அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் தன் மஞ்சள் வெள்ளாமையில் சேர்த்த பணத்தில் போனவர்.

திட்டமிடுவோர் பெரும்பாலும் விமானச் சீட்டிலிருந்து தொடங்குகிறார்கள். நான் சொல்வது வேறு: கிடைப்பதற்கு எது மிக அரிதோ அதிலிருந்து தொடங்க வேண்டும். மால்டாவைப் பொறுத்தவரை அது ஹல் சஃப்லியெனி ஹைப்போஜியம் என்னும் நிலவறை. மென்மையான சுண்ணாம்புப் பாறைக்குள் மூன்று அடுக்குகளாகக் குடைந்து, மேலே கட்டிய கோயில்களின் தூணும் வளைவும் கீழேயும் தெரியுமாறு செதுக்கிய ஈமக்கோயில் அது. ஏறத்தாழ ஏழாயிரம் பேரின் எலும்புகள் அங்கே இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதைச் செதுக்கிய மக்கள் இரும்பையோ செம்பையோ அறியாதவர்கள். 1902-இல் புதிய வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டி வெட்டிக்கொண்டிருந்த வேலையாட்கள் தற்செயலாக அதன் கூரையை உடைத்தபோதுதான் வெளியுலகம் அதை அறிந்தது. மனிதர்களின் மூச்சுக்காற்றின் ஈரமே சுவர்களிலுள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால், ஒரு குழுவுக்குப் பத்துப் பேர், நாளொன்றுக்கு எண்பது பேர் என்று வரையறுத்து உள்ளே விடுகிறார்கள். படம் எடுக்க அனுமதியில்லை. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அழைத்துப் போகவும் முடியாது. சில காட்சிகளுக்கு மட்டும் முந்தைய நாளில் நேரில் சீட்டு விற்பதுண்டு என்றாலும், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அருகில் பறந்து போகிறவர்கள் அதை நம்பிப் போகக் கூடாது. நாங்கள் அக்டோபரிலேயே மார்ச் மாதத்துக்கான நான்கு சீட்டுகளை வாங்கினோம். அந்தத் தேதியைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் அடுக்கினோம்.

பருவத்தைப் பற்றியும் தங்கள் இணைப்பு சொல்லவில்லை. மத்தியதரைக் கடலில் மழை குளிர்காலத்தில், அக்டோபர் தொடங்கி மார்ச் வரையில் பெய்கிறது. கோடை முழுவதும் வறட்சி. ஆகவே ஜூலையிலும் ஆகஸ்டிலும் போனால் வெயிலும் நெரிசலும் மிகுந்திருக்கும். புல்வெளி எல்லாம் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும். மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரையில் தீவு பச்சையாக இருக்கும். வழிநெடுக மஞ்சளும் சிவப்புமாகக் காட்டுப்பூக்கள் பூத்திருக்கும். பகலில் ஒரு மெல்லிய மேலாடை போதும். நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையான ஏப்ரலும் மேயும் அவர்களுடைய வசந்தத்தில் விழுகின்றன என்பது நமக்கு வாய்த்த நல்லூழ். இதை எந்த விளம்பரமும் சொல்லி நான் பார்த்ததில்லை. கடலில் குளிக்க விரும்புவோருக்கு மட்டும் அந்த மாதங்களில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்.

விசாவை எண்ணிப் பலர் அஞ்சுகிறார்கள். நாள் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் உடன்பாட்டில் சேர்ந்த நாடு மால்டா. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. பொதுவாக 15 நாளில் முடிவு தெரியும் என்றாலும், கூடுதல் விசாரணை வேண்டியிருந்தால் 45 நாள் வரை நீளலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லத்தக்கதாகவும் இருக்க வேண்டும். என் கணவரின் கடவுச்சீட்டு இந்த மூன்று மாதக் கணக்கில் எட்டு நாள் குறைந்திருந்தது. ஐப்பசியில் பார்த்ததால் புதுப்பிக்க முடிந்தது. சித்திரையில் பார்த்திருந்தால் பயணமே நின்றிருக்கும். வேளாண்மை வருமானம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாதச் சம்பளம் வரும் கணக்கைப் போல நம் வங்கிக் கணக்கு சீராக இருக்காது, தேங்காய் விற்ற மாதம் நிறையும், மற்ற மாதம் வற்றும். ஆகவே நிலத்தின் சிட்டா நகலையும், விற்பனைப் பட்டியல்களையும், என் ஓய்வூதிய ஆவணத்தையும் ஆங்கில விளக்கக் கடிதத்தோடு இணைத்தோம். வருவாய் எப்படி வருகிறது என்று விளக்கிச் சொன்னதில் எந்தச் சிக்கலும் எழவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு செய்தி. வெளிநாட்டுச் சுற்றுலாவை முழுத்தொகுப்பாக வாங்கினால், விலையோடு சேர்த்து மூலத்தில் வசூலிக்கும் வரி ஒன்றையும் கட்ட வேண்டும். அதன் விகிதத்தை அரசு அவ்வப்போது மாற்றுகிறது. அது செலவன்று, வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுகட்டலாம், அல்லது திரும்பப் பெறலாம். வருமானவரிக் கணக்கே தாக்கல் செய்யாத உழவர் குடும்பங்கள் பல அந்தத் தொகையைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

தங்குமிடத்தை இரண்டாகப் பிரித்தோம்: தலைநகரான வல்லெட்டாவுக்கு எதிர்க்கரையில் ஐந்து இரவுகள், கோசோவில் ஒரு பழைய பண்ணை வீட்டில் மூன்று இரவுகள். கோசோவைப் பெரும்பாலோர் ஒரே பகலில் பார்த்துத் திரும்புகிறார்கள். அது அந்தத் தீவுக்குச் செய்யும் அநீதி. மால்டாவின் வடமுனையான சிர்கெவ்வாவிலிருந்து கப்பல் 25 நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. வல்லெட்டாவிலிருந்தே போகும் விரைவுப் படகும் உண்டு. மாலையில் சுற்றுலாக் கூட்டம் திரும்பிப் போனபின் கோசோ தன் இயல்புக்கு வருகிறது: கோயில் மணி, ஆட்டுப்பட்டி, சந்துகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முதியவர்கள். ஊர்ப் பேருந்திலேயே எல்லா இடங்களுக்கும் போகலாம். தூரம் குறைவுதான் என்றாலும் சாலைகள் நெரிசலானவை. ஒரு நாளுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நாங்கள் முதல் நாளிலேயே தெரிந்துகொண்ட பாடம். கொமினோவின் நீலக் கடற்காயலுக்குக் கூட்டம் மிகுந்ததால் 2025-இல் முன்பதிவு முறை கொண்டுவந்திருக்கிறார்கள். நாங்கள் அங்கே போகவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை.

இனி, கொங்கு நாட்டவர் ஒருவர் அங்கே போய் என்ன பார்ப்பார் என்பது. முகவர் கேட்ட கேள்விக்கு நான் அன்று தராத மறுமொழி இதுதான்.

மால்டாவில் ஆறு இல்லை. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஏரியும் இல்லை. ஆண்டுச் சராசரி மழை 550 மில்லிமீட்டர் அளவில்தான். நம் வறண்ட வட்டாரங்களின் மழைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. 1566-இல் வல்லெட்டா நகரை நிறுவியபோதே வீட்டுக்கு வீடு நிலத்தடியில் மழைநீர்த் தொட்டி வெட்ட வேண்டும் என்று விதித்தார்கள். அதுவும் போதாமல், 1610-இல் தொடங்கி 1615-இல் முடித்த கல் மேல்வாய்க்கால் ஒன்றின் வழியாக மேட்டு நிலத்து ஊற்றுநீரைத் தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள். அதன் வளைவுகள் இன்றும் சாலையோரத்தில் நிற்கின்றன. கோவைக்குச் சிறுவாணி வந்த கதையைக் கேட்டு வளர்ந்த என் அக்கா, அந்த வளைவுகளின் அடியில் நெடுநேரம் நின்றுவிட்டார். இன்று குடிநீரில் பாதிக்கு மேல் கடல்நீரை நன்னீராக்கியே பெறுகிறார்கள். அதற்கான பெரிய நிலையம் ஒன்று 1982-இல் ஆர் லாப்சி என்னும் இடத்தில் அமைந்தது. பவானியும் அமராவதியும் நொய்யலும் இருந்தும் நாம் படும் பாட்டை எண்ணிக்கொண்டே அவர்களுடைய தொட்டிகளைப் பார்த்தோம்.

வயல்களுக்கு இடையே அவர்கள் எழுப்பியிருக்கும் வேலி கல்லால் ஆனது. சுண்ணாம்பு, மண் எதுவும் இல்லாமல் கல்லோடு கல்லை அடுக்கிய சுவர். மழைநீரைக் கசியவிட்டு மண்ணை மட்டும் பிடித்து நிறுத்தும். அந்தச் சுவர்களைச் சட்டம் பாதுகாக்கிறது. எங்கள் பக்கத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி செய்யும் வேலையைத்தான் அங்கே கல் செய்கிறது. கிளுவையை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போடும் காலத்தில் இருக்கிறோம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் காங்கயம் மாடும் அந்த வேலியை நம்பியே இருந்தன. என் கணவர் ஒரு சுவரின் இடைவெளிகளில் கையை விட்டுப் பார்த்து, உள்ளே நிரப்பிய சிறுகற்களை எப்படி இறுக்கியிருக்கிறார்கள் என்று விளக்கினார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். ஆனாலும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். சுவரோரமெல்லாம் சப்பாத்திக்கள்ளி. அதன் பழத்தை அவர்கள் உண்கிறார்கள், மதுவும் வடிக்கிறார்கள். நம்மைப் போலவே அவர்களுக்கும் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த செடி அது.

பருத்தியும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அத்தீவின் முதன்மையான பணப்பயிர் பருத்திதான். பெண்கள் வீடுகளில் நூற்ற நூல் ஸ்பெயினின் பார்சிலோனாவுக்குக் கப்பலேறியது. பிறகு அந்தத் தொழில் மெல்ல அழிந்துவிட்டது. திருப்பூரில் வேலை செய்யும் எங்கள் பெண் இதை மிகுந்த கவனத்தோடு குறித்துக்கொண்டாள்.

கோசோவின் ஜ்கன்டியா கோயில்களை எழுப்பியது கி.மு. 3600-க்கும் 3200-க்கும் இடையில். ஐந்து மீட்டருக்கும் மேல் உயர்ந்த கற்களை மனிதர் தூக்கியிருக்க முடியாது என்று கருதிய பிற்கால மக்கள், கைக்குழந்தையோடு ஓர் அரக்கிதான் அவற்றைத் தலையில் சுமந்து வந்து கட்டினாள் என்று கதை சொன்னார்கள். பெயரே அதிலிருந்து வந்தது. நம் ஊர்களில் பெருங்கற்காலத்து ஈமக்குழிகளைப் பாண்டவர் குழி என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, அதே மனம்தான். அந்தக் கற்களின் முன் நின்றபோது எனக்கு வெட்கமும் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தூரத்தில், நொய்யலின் வடகரையில், சென்னிமலை அருகே கொடுமணல் இருக்கிறது. சங்க நூலான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பெயர் பெற்ற ஊர்; மணிக்கற்களை அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும் ஈமச்சின்னங்களும் அகழ்வில் கிடைத்த இடம். காங்கயத்திலிருந்து திருப்பூர் போகும் வழியிலேயே இருக்கும் படியூரில் பெரில் என்னும் கடல்நிற மணிக்கல் கிடைத்தது; அந்தக் கல் வணிகத்துக்கு ஈடாக வந்த ரோமானியக் காசுகள் வெள்ளலூரிலும் வேறு பல கொங்கு ஊர்களிலும் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. மத்தியதரைக் கடலோடு நமக்கு ஈராயிரம் ஆண்டு உறவு உண்டு. அதைப் பாடமாக நடத்திய நான் கொடுமணலுக்கு ஒரே ஒருமுறைதான் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். திரும்பி வந்த அடுத்த வாரமே நால்வரும் போனோம். உள்ளூரைப் பார்க்காமல் வெளிநாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, எங்களை உள்ளூருக்கு அனுப்பியதே அந்த வெளிநாடுதான் என்று சொல்வேன்.

ம்னாய்த்ரா கோயிலைப் பற்றியும் எழுத வேண்டும். கடலைப் பார்த்த சரிவில் இருக்கும் அதன் தென்கோயிலில், பகலும் இரவும் சமமாகும் நாளில் உதிக்கும் சூரியனின் ஒளி வாயிலின் வழியே நேராக உட்புறத்தை அடையும். அந்த விடியலில் சிறு குழுவைச் சீட்டுப் பெற்று உள்ளே விடுகிறார்கள். மார்ச் மாதத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதற்காரணம். ஐந்து மாதம் எண்ணிக் காத்திருந்த நாள். அன்று கீழ்வானில் மேகம் கவிந்திருந்தது. சூரியன் எழுந்தது தெரிந்தது, ஒளிக்கீற்று வரவில்லை. யாரும் பேசவில்லை, யாரும் உடனே கிளம்பவும் இல்லை. அப்பால் கடலில் ஃபில்ஃப்லா என்னும் சிறு பாறைத்தீவு மெல்ல வெளுத்தது. அரைமணி கழித்து மேகம் ஓரமாகக் கிழிந்தபோது மஞ்சள் நிறக் கற்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் நிறம் மாறின. கணக்குப்படி வர வேண்டிய ஒளி அது அன்று என்பதை நான் அறிவேன். இருந்தும் என் அக்கா கை கூப்பினார், நானும் கூப்பினேன். இரண்டு நாளில் ஒரு நாட்டை முடிக்கும் பயணத்தில், இப்படி ஒரு விடியலுக்காக ஒரு முழு நாளை ஒதுக்க எந்த முகவராலும் முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1565-இல் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கிய வீரத்துறவிகள் கட்டிய வல்லெட்டாவில், புனித யோவான் பேராலயத்தில் இருக்கும், இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் 1608 ஆம் ஆண்டு ஓவியத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் அதுதான். மொஸ்டா ஆலயத்தின் குவிமாடத்தை 1942 ஏப்ரல் 9 அன்று துளைத்துக்கொண்டு மக்கள் நடுவே விழுந்த குண்டு வெடிக்காமல் போன கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள். பழைய தலைநகரான ம்தினாவுக்கு மாலை மங்கிய பிறகு போவது நல்லது. மார்சாஷ்லொக் மீன்பிடித் துறையில் படகுகளின் முன்புறத்தில் வரைந்திருக்கும் கண்கள், நம் வீட்டு வாசல் திருஷ்டிப் பொம்மையை நினைவூட்டின. மால்டிய மொழி அரபு வழி வந்தது. ஆனால் இலத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். கத்தோலிக்கரான அம்மக்கள் கடவுளை அல்லா என்றே அழைத்து வழிபடுகிறார்கள் என்பதைக் கேட்டபோது வகுப்பறைக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. உணவில் சைவர்களுக்குத் தட்டுப்பாடு இல்லை: பாலாடைக்கட்டியோ பட்டாணியோ வைத்துச் சுடும் பஸ்திட்ஸி, மொச்சை போன்ற பயற்றை அரைத்துச் செய்யும் பிகில்லா, தக்காளி தேய்த்த ரொட்டி. ரொட்டியில் சூரை மீன் சேர்ப்பது வழக்கம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முயல்கறிதான் அவர்களுடைய சிறப்பு விருந்து.

போக்குவரத்துக்கு நாங்கள் கொச்சியிலிருந்து கிளம்பி, வளைகுடாவில் விமானம் மாறினோம். விசா கையில் வரும் வரையில் ரத்து செய்யக்கூடிய பதிவுகளை மட்டுமே செய்ய வேண்டும். சற்று விலை கூடினாலும் அது சரியான செலவு.

ஆசிரியர் அவர்களே, மேலே எழுதிய எதையும் ஏப்ரலில் படிக்கும் வாசகர் அந்த ஆண்டுக்குப் பயன்படுத்த முடியாது. நிலவறைச் சீட்டு விற்றுப்போயிருக்கும், சமநாள் கடந்திருக்கும், கடவுச்சீட்டைப் புதுப்பிக்க நாள் இருக்காது, விசா மையத்தில் நேரம் கிடைக்காது. அவரும் வண்ணத்தாளைத்தான் வாங்குவார். அதே செய்தியை ஐப்பசியில் படித்தால், அவருக்கு ஐந்து முழு மாதங்கள் இருக்கும். மால்டாதான் என்றில்லை. சிசிலி, கிரீட், சார்தீனியா ஆகியவையும் ஷெங்கன் எல்லைக்குள் இருப்பவையே. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். பெரிய தீவுகள் என்பதால் மால்டாவைப் போல ஊர்ப் பேருந்தில் சுற்றி முடிக்க இயலாது. அதையும் எழுத்தாளர் ஒருவர் விளக்கி எழுத வேண்டும்.

இணைப்பில் படங்களைக் குறைத்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் மழை பெய்யும் மாதம், முன்பதிவு தொடங்கும் காலம், ஒரு நாளில் நடந்து பார்க்கக்கூடிய அளவு, மூத்தோருக்குப் படிக்கட்டு எத்தனை என்பவற்றை அச்சிடுங்கள். படங்களை வெளியிடும்போது அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள். எங்கள் திட்டக் குறிப்பேட்டில் நாள்வாரியான செலவுக் கணக்கும், பேருந்துத் தடங்களும், விசாவுக்கு இணைத்த ஆவணங்களின் பட்டியலும் இருக்கின்றன. தங்கள் அலுவலகம் விரும்பினால் அதன் படியை அனுப்பி வைக்கிறேன். வரும் ஐப்பசி இணைப்புக்கு வேண்டுமென்றால் ஆவணி முடிவதற்குள் சொல்லி அனுப்புங்கள். என் அக்காவிடம் இருக்கும் பாதிக் குறிப்புகளையும் பொள்ளாச்சிக்குப் போய் வாங்கி வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
காங்கயம்.